‘இரு’ என்று கை காட்டினேன்

நுரையீரலில் நீர் எடுத்தவள் என்று தெரிந்ததும் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, ஊசி வலிக்குமா என்பதைத்தான். பெரிதாக வலிக்காது. இடத்தை மரத்துப்போகச் செய்ய ஒரு சிறு ஊசி போடுகிறார்கள். அது எறும்புக் கடி. பிறகு முதுகில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல ஒரு கனம். அவ்வளவுதான். பயந்து நாள் கடத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் வலிக்கிற இடம் வேறு என்று தெரிந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பெயர் தமிழ்ச்செல்வி. தஞ்சாவூரில் பாசன அலுவலகம் ஒன்றில் டிரேசராக இருக்கிறேன். பொறியாளர்கள் போட்ட வாய்க்கால் படங்களின் மேல் டிரேசிங் துணியை விரித்து, அடியில் தெரிகிற கோடுகளை மையால் அப்படியே எடுப்பது என் வேலை. மேசையின் எந்தப் பக்கம் நின்றாலும் படத்தைப் படிக்க வேண்டும் என்பதால், தலைகீழாக இருக்கும் எழுத்தையும் எங்களால் நேராகப் படிப்பது போலவே படிக்க முடியும். நீளமான கோடு இழுக்கும்போது டிரேசர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். ஒருநாள் நான் அடக்காமல் மெல்ல விட்டுக்கொண்டே இழுத்துப் பார்த்தேன். கோடு இன்னும் நன்றாக வந்தது. அந்த நேரத்தில் தலைக்குள் பேச்சே இல்லை. அதுதான் எனக்குப் பிடித்துப்போயிற்று.

அதை வீட்டிலும் தொடர்ந்தேன். தினம் ஒரு மணி நேரம். அலுவலகத்தில் கழித்துப் போட்ட தாளின் பின்பக்கம், பென்சில். ஸ்கேல் கிடையாது. மூச்சை இழுத்து, விடும்போது இடமிருந்து வலமாக ஒரு கோடு. மூச்சு முடிகிற இடத்தில் கோடும் முடியும். அடுத்த கோடு அதற்குக் கீழே, அதை ஒட்டியபடி. மேல் கோட்டில் கை நடுங்கிய இடத்தில் கீழ்க்கோடு சற்று வளையும். அதற்கும் கீழே இன்னும் கொஞ்சம் வளையும். நூறு கோடு முடியும்போது தாளில் காற்றடிக்கும் நாற்றங்கால் ஒன்று தெரியும். அதை நான் திட்டமிட்டு வரைந்ததில்லை. அந்த ஒரு மணி நேரம் பேசக் கூடாது, யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி.

மனதுக்குள் சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் சாமி பெயர் புழங்காது. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போகிறவர். அதனால் ‘இரு’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். கோடு ஓடுகிற வரைக்கும் உள்ளே அந்த ஒரு சொல். அப்பாவுக்கு அதுவும் சிரிப்புத்தான்.

“என்னம்மா, இன்னைக்கு உன் சாமி எத்தனை கோடு கேட்டுச்சு?”

“சாமி இல்லப்பா. சும்மா மூச்சு.”

“அப்படித்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க” என்பார்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் ஒரு பக்கத்தில் ஒரு மூச்சுக்கு எத்தனை அங்குலம் கோடு வந்தது என்று எழுதுவேன். ஆடியில் பதினான்கு. ஆவணியில் பன்னிரண்டு. ஐப்பசியில் ஒன்பது. கார்த்திகையில் ஏழு. தியானம் பழகுகிறவர்களுக்கு மூச்சு அடங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கும் அடங்குகிறது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல் அதில் பெருமைப்பட்டுக்கொண்டேன். அதே நோட்டின் வேறொரு பக்கத்தில், அம்மா கேட்டதற்காக, உடம்புக்கு வருவதை எழுதி வைத்திருந்தேன்: சாயங்காலக் காய்ச்சல், வலது விலாவில் குத்தல், ரவிக்கை தளர்ந்தது, படி ஏறினால் இரைப்பு. இரண்டு பக்கங்களையும் ஒரு தடவைகூட நான் சேர்த்துப் படிக்கவில்லை.

மார்கழியில் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் ரிக்‌ஷாவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை. எக்ஸ்ரே அறை வாசலில் இருந்த பெஞ்சில் ஒன்பது பேர் இருந்தோம். யாரும் யாரிடமும் என்ன வியாதி என்று கேட்கவில்லை. எந்த ஊர் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.

டாக்டர் என் முதுகில் இடது கை விரலை வைத்து அதன்மேல் வலது கை விரலால் தட்டினார். குடத்தில் தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது போலத்தான். மேலே தட்டும்போது காலிக்குடச் சத்தம். கீழே வரவர மந்தமாகிவிட்டது. ஈரம் சொட்டும் எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கத்தில் பாதி வெள்ளை.

நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போவதற்காக நடுவில் கொஞ்சம் ஈரம் எப்போதும் உண்டு. நோய் வந்தால் அந்த இடத்தில் நீர் பெருகுகிறது. நுரையீரல் விரிய இடம் இல்லாமல் சுருங்கிப்போகிறது. இதற்கு ப்ளூரல் எஃப்யூஷன் என்று பெயர். இதைச் சொல்லிவிட்டு, எப்போதிலிருந்து இரைப்பு என்று டாக்டர் கேட்டார். நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அங்குலக் கணக்கைப் பார்த்துவிட்டு இது என்ன என்றார். சொன்னேன்.

“மூச்சு அடங்குதுன்னு நெனச்சீங்களா?”

“ஆமாங்க.”

“அடங்கல அம்மா. மூழ்கிட்டிருந்துச்சு.”

அப்பா பக்கத்தில்தான் நின்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மறுநாள் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்காரச் சொல்லி, பின்விலா இடுக்கில் ஊசியைச் செலுத்தி நீரை எடுத்தார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீரின் நிறம். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இருமல் வந்ததும் நிறுத்திவிட்டார்கள்; ஒரேயடியாக எடுக்கக் கூடாதாம். பிறகு முன்கையில் தோலுக்கடியில் ஒரு துளி மருந்தை ஏற்றி மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளந்தார்கள். நானே முதலில் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டேன்: பதினெட்டு மில்லிமீட்டர். பத்துக்கு மேல் போனால் காசநோய்க் கிருமியாக இருக்கலாம் என்று அர்த்தம். எனக்கு வந்தது நுரையீரல் உறையில் வந்த காசநோய். சளியில் கிருமி இல்லாததால் மற்றவர்களுக்குத் தொற்றாது என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டு வெளியே வந்து, “யாரு கேட்டாலும் நிமோனியான்னு சொல்லிடுவோம்” என்றாள். நான் கல்யாணமாகாத பெண்.

தொண்ணூறு நாள் தினமும் ஊசி, ஒன்றரை வருஷம் மாத்திரை. முதல் ஐந்து வாரம் வார்டிலேயே இருக்க வேண்டும். பெண்கள் வார்டில் எனக்குப் பன்னிரண்டாவது கட்டில். அம்மா காலையில் முட்டையும் பாலும் கொண்டுவருவாள். அப்பா வேலை முடிந்து நான்கு மணிக்கு மேல், பார்வையாளர் நேரத்தில் சைக்கிளில் வருவார். சுருங்கிய நுரையீரல் திரும்ப விரிய வேண்டுமானால் மூச்சை ஆழமாக இழுத்து விட்டுப் பழக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நான் கேட்டது, கோடு போடலாமா என்பதுதான். “போடுங்க. ஆனா அங்குலம் குறைஞ்சா இந்தத் தடவை என்கிட்ட சொல்லுங்க” என்றார்.

மறுநாள் அப்பா நாள்காட்டி அட்டை இரண்டை ஒட்டி, மடியில் வைத்து வரைய ஒரு பலகை செய்துகொண்டு வந்தார். பென்சில்களையும் சீவியிருந்தார். சாதாரணமாகச் சீவினால் டிரேசருக்கு உதவாது. முனை உளி மாதிரி இருக்க வேண்டும். நான் வீட்டில் பிளேடால் அப்படிச் சீவுவதை எப்போது பார்த்து வைத்தாரோ தெரியவில்லை. ஆறு பென்சிலையும் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.

பதினோராவது கட்டிலில் அஞ்சலையக்கா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வயல் வேலை. வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர்களின் பாதம் வழியாக ஏறும் கொக்கிப்புழு, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். அவருக்கு ரத்தத்தில் கால்பங்குதான் மிச்சம் என்றார்கள். நாக்கும் நகமும் காகிதம்போல் வெளுத்திருந்தன. இடது கையை ஒரு கட்டையோடு சேர்த்துக் கட்டி அதில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வாய் ஓயாது.

“ஏம் பாப்பா, இம்மாங் கோடு போடுறியே, எந்த ஊருக்குப் போவுது அது?”

“எந்த ஊருக்கும் போகலக்கா.”

“எங்கயும் போவாததுக்கா பென்சிலு இப்புடித் தேயுது? எங்கிட்ட குடு, நாலு ஏரு ஓட்டுறேன்.”

சிஸ்டர்கள்கூட அவர் கட்டிலருகே வந்தால் சிரித்துவிட்டுத்தான் போவார்கள்.

அவருக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. பண்ணை நிலத்து மூலையில் அவருடைய குடிசை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அங்கேதான். கூலிக்காரர்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. யார் யார் எந்த மனையில் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க அதிகாரிகள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார்கள். அவர் ஊரில் முந்தைய அறுவடையின்போது கூலித் தகராறு நடந்து, பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தது. பண்ணைக்கும் இவர்களுக்கும் பேச்சில்லை. “புருசன் போயிட்டான். மவன் மாமியா வூட்டோட போயிட்டான். கணக்கெடுக்க வர்றப்ப வூடு பூட்டிக் கெடந்தா என்னன்னு எழுதுவாங்க?” என்று டாக்டர், சிஸ்டர், பெருக்க வருகிறவர் எல்லோரிடமும் கேட்பார். வார்டில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

என் மௌன நேரம் மூன்று மணியிலிருந்து நான்கு வரை. பார்வையாளர் வருவதற்கு முன்பு வார்டு அடங்கியிருக்கும். சிஸ்டர்கள் அதற்குள் பழகிவிட்டார்கள். அந்த நேரத்தில் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு சிஸ்டர் என் தாள் ஒன்றைத் தன் மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருந்தார். அது எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது.

அது ஒரு புதன்கிழமை. கோடு மறுபடி பத்து அங்குலத்தைத் தொட்டிருந்தது. ஒரு கோடுகூடப் பிசகவில்லை. எழுபத்தொன்பதாவது கோட்டுக்கு மூச்சை இழுக்கும்போது, பார்வையாளர் நேரம் வராமலேயே ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஆரஞ்சுப் பை. பண்ணையின் காரியங்களைப் பார்க்கும் காரியக்காரர். அவர் பேசியதிலிருந்து அது தெரிந்தது.

“என்ன அஞ்சல, எப்படி இருக்கே? ஐயா பாத்துட்டு வரச் சொன்னாங்க.”

“வாங்கய்யா. ஐயாவா சொன்னாங்க?” அக்காவின் குரலில் ஆச்சரியம்.

“சண்ட சச்சரவு வரும் போகும். அதுக்காக உடம்புக்கு முடியலன்னா பாக்காம இருப்பாங்களா? சரி, கேளு. கணக்கெடுக்க நாள மக்காநா வந்துடுவாங்க. நீ ஆஸ்பத்திரில இருக்கேன்னு எழுதிக் குடுக்கணும். இல்லாட்டி ஆளே இல்லன்னு அடிச்சுட்டுப் போயிடுவான்.”

“அதத்தாங்கய்யா நானும் நெனச்சு நெனச்சு…”

“அதுக்குத்தான் எழுதியே கொண்டாந்துட்டேன். ஒரு ரேக வச்சுடு.”

பையிலிருந்து ஒரு தாளையும் மை டப்பாவையும் எடுத்தார். அக்கா தாளை வலது கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

“பாப்பா, இத செத்தப் படிச்சுச் சொல்லேன்.”

நான் எண்பத்தொன்றாவது கோட்டின் நடுவில் இருந்தேன். பென்சில் தாளில் ஓடிக்கொண்டிருந்தது. இடது உள்ளங்கையை உயர்த்தி, இரு என்று காட்டினேன்.

என் விதியை இப்படியொரு கையசைவால் பலமுறை காப்பாற்றியிருக்கிறேன். அம்மாவிடம், சிஸ்டரிடம். ஆனால் இந்த முறை கையை உயர்த்தும்போது அக்கா நீட்டிய தாளைப் பார்த்தேன். எனக்குத் தலைகீழாக இருந்தது. அது எனக்குத் தடையில்லை. நடுவரியில் ‘குடியிருக்கவில்லை’ என்ற சொல்லைப் படித்தேன்.

படித்துவிட்டு அந்தக் கோட்டை முடித்தேன்.

“அந்தப் பொண்ணு ஏதோ பூசையில இருக்கு போலிருக்கு. தொந்தரவு பண்ணாத” என்றார் காரியக்காரர். “எனக்கு நாலு மணி பஸ்ஸு.”

அக்கா இன்னொரு முறை என்னைப் பார்த்தார். என் கண் என் கோட்டில் இருந்தாலும் அவர் பார்ப்பது தெரிந்தது. மை டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. இடது கை கட்டையோடு கட்டியிருந்ததால் வலது கட்டைவிரலைப் பிடித்து ரேகை வைத்துக்கொண்டார். காரியக்காரர் போன பிறகு அக்கா விரலைப் போர்வையில் துடைத்துவிட்டு ஒரு ஆரஞ்சை உரித்தார். நான் நூறாவது கோட்டை முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது, பாதியை எனக்காகப் பிரித்து ஸ்டூலின்மேல் வைத்திருந்தார்.

“முடிஞ்சுதா பாப்பா? வேலையும் முடிஞ்சுது. நீ இருன்ன, அந்த ஆளுக்குப் பொறுக்கல. பரவால்ல, நல்ல சேதிதான்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆரஞ்சை வாங்கிக்கொண்டேன். ஒரு சொல்லை மட்டும்தானே பார்த்தேன், சரியாகப் படித்தேனா என்று தெரியாது, இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார், ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, பதறினால் ஏதாவது ஆகிவிடும்… இப்படி ஐந்து காரணங்கள் மனதில் வரிசையாக வந்து நின்றன. பட்டியல் போடுவது எனக்கு எளிது. அன்றைய தாள்தான் நான் போட்டதிலேயே அழகானது. கடைசிப் பத்தொன்பது கோடுகளிலும் கை நடுங்கவே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். தாளில் அந்தச் சொல்லைப் பார்த்தும் ஒரு மூச்சு நேரம் தாமதித்துவிட்டேன், அதற்குள் ரேகை வாங்கிவிட்டார் என்றேன். தியானம், சாமி, மூடநம்பிக்கை என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவர் சைக்கிள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

“நீ கண்ண மூடிக்கிட்டு இருப்பேன்னுதாம்மா இத்தன நாளும் பயந்தேன். நீ கண்ணத் தெறந்துகிட்டே இருந்திருக்க.”

“அந்த அம்மாகிட்டச் சொல்லிடு. இப்பவே சொல்லு” என்றார். அக்கா அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். அதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சொன்னேன். அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

“நீ படிச்சியா?”

“ஒரு வார்த்தை படிச்சேங்க்கா.”

“ரேக வைக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

“படிச்சுட்டுத்தான் இருன்னியா?”

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. ஊசி போட வந்த சிஸ்டர், “என்ன அஞ்சல, நீயும் மௌனமா?” என்று கேட்டுவிட்டு, முகத்தைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் அவருடைய நாத்தனார் ஒரு மூட்டையோடு வந்தார். மூட்டையில் இரண்டு பானை, ஒரு அரிவாள்மணை, ஒரு பாய். அன்று மதியம் பண்ணை ஆட்கள் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அஞ்சலை மகனோடு இருக்கிறாள், இங்கே குடியிருக்கவில்லை, அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று கேட்டவர்களிடம் தாளைக் காட்டினார்களாம். விவசாயக் கூலிகள் சங்கத்து ஆட்கள் வருவதற்குள் மண்சுவரையும் இடித்து மட்டம் செய்தாகிவிட்டது.

புதன்கிழமையே சொல்லியிருந்தால் அன்றைக்கே யாராவது ஊருக்குப் போயிருப்பார்கள். வியாழன் சாயங்காலம் அவரை எழுப்பிச் சொல்லியிருந்தால்கூட அப்பா சைக்கிளில் போயிருப்பார். இந்தக் கணக்கை நான் பல விதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். எப்படிப் போட்டாலும் குடிசை நிற்கிறது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் பலகையை எடுக்கவில்லை. அக்காதான் பேசினார்.

“கோடு போடலியா?”

“இல்லக்கா.”

“எடு. மனு எழுது. எங்க என்ன இருந்துச்சுன்னு படமும் போடு. நான் சொல்றேன். கை நிக்கக் கூடாது. வாயும் நிக்கக் கூடாது, ஆமா. எனக்குப் புரியலன்னா ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுக் காட்டணும்.”

கோபம் அப்படியேதான் இருந்தது. அந்தக் கோபத்தோடுதான் அவர் சொல்ல, நான் வரைந்தேன். வாசலிலிருந்து வாய்க்கால் மதகுக்கு முப்பத்திரண்டு எட்டு. முருங்கை மரம் தென்மேற்கில். அடுப்பு எந்த மூலை, குதிர் எந்த மூலை, மழை பெய்தால் எந்தப் பக்கம் ஒழுகும். ஒரு கோட்டின் நடுவே அவர் ‘இல்ல இல்ல, இன்னும் செத்த இந்தப் பக்கம்’ என்பார். அழித்துவிட்டுப் போடுவேன். என் வாழ்க்கையில் அத்தனை அழித்தல் உள்ள படம் வேறு கிடையாது. அதை வரைந்த ஒரு மணி நேரமும் தலைக்குள் என் பேச்சு எதுவும் இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். மனுவை அப்பா எடுத்துப்போய்த் தாலுகா அலுவலகத்தில் கொடுத்தார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் நுரையீரல் விரிந்துவிட்டது. ஊசி முடிந்தது, மாத்திரை பாக்கி இருக்கிறது. ஊசி மருந்தால் தலைசுற்றலும் காதில் இரைச்சலும் வரலாம், வந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். எனக்குக் கொஞ்சம் வந்து போயிற்று. அஞ்சலையக்காவின் மனை அவர் பெயருக்கு வந்தது. இடித்த வீட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் இப்போதும் கோடு போடுகிறேன். அறைக் கதவைச் சாத்துவதில்லை. யாராவது கூப்பிட்டால் கோட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறேன். என் தாள்களில் இப்போது அரைக் கோடுகள் நிறைய.

விசாரணை பங்குனியில் நடந்தது. அந்த மனையிலேயே நடந்தது. நானும் அப்பாவும் பஸ்ஸில் போய், வரப்பில் நடந்தோம். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். மரத்தடியில் ஒரு நாற்காலியில் அதிகாரி. காரியக்காரர் ஒரு பக்கம், அக்காவும் ஊர்க்காரர்களும் ஒரு பக்கம். கிராமத்தில் சாட்சிகள் முன்னால் ரேகை வைத்ததாகத் தாளில் எழுதியிருந்தது.

“இந்த ரேகை எங்க வச்சது, நீங்க பாத்தீங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“ஆஸ்பத்திரியில, பதினோராவது கட்டில்ல. நான் பன்னிரண்டாவதுங்க. பாத்தேன்.”

“தாளப் படிச்சீங்களா?”

“ஒரு வார்த்தை படிச்சேன். ‘குடியிருக்கவில்லை’ன்னு.”

“அப்ப ஏம்மா சொல்லல? பேச முடியாத அளவுக்கு உடம்பு முடியாம இருந்துச்சா?”

அவர் நல்ல மனிதர். எனக்கு ஒரு வழி காட்டினார். தலையாட்டியிருந்தால் போதும், அப்படியே எழுதிக்கொண்டிருப்பார்.

“இல்லைங்க. பேச முடியும். பேசக் கூடாதுன்னு நானா வச்சுக்கிட்ட நேரம் அது.”

“எவ்வளவு நேரம்?”

“பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல.”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவரிடம் ஒரு மூச்சு என்றுதான் சொல்லியிருந்தேன்.

“சார், அந்தப் பொண்ணு அன்னைக்கே ஒரு மாதிரிதான் உக்காந்திருந்துச்சு” என்றார் காரியக்காரர். ஊரில் ரேகை வைத்ததாகச் சொன்ன தாளுக்காக, தான் ஆஸ்பத்திரிக்கு வந்ததை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது அவருக்கு உடனே தெரியவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். பிறகு எழுந்தார்.

“வீடு எங்கம்மா இருந்துச்சு?”

“வீடே கெடையாதுங்க, வெறும் திடலு” என்று காரியக்காரர் சொல்லிக்கொண்டே குறுக்காக நடந்தார். அஞ்சலையக்கா அவரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“யோவ், அது செவுரு. செவுத்து வழியாவா வர்ற? வாச இந்தப் பக்கம்.”

காரியக்காரர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா முருங்கை மரத்துக்கு நேராக வந்து, திரும்பி, வெறும் தரையில் ஓரிடத்தில் தலையைக் கொஞ்சம் குனிந்து உள்ளே போனார். அங்கே நின்றுகொண்டு அடுப்பு இது, குதிர் இது என்று காட்டினார். அதிகாரி அளக்கச் சொன்னார். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. நான் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

“பாப்பா” என்று அக்கா கூப்பிட்டார்.

நின்றேன்.

“செருப்ப அங்கயே வுட்டுட்டு உள்ள வா.”

குனிந்து வாரை அவிழ்த்தேன்.